வாட்ச் உங்கள் கையில், கணக்கு யார் கையில்?

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை முடித்து வருபவர்களின் பேச்சு, "இன்னிக்கு எத்தனை ஸ்டெப்ஸ் சார்?" என்றுதான் ஆரம்பிக்கும். ஃபிட்பிட் கட்டியிருப்பவர்களுக்கு இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "கூகுள் கணக்குக்கு மாறச் சொல்றானே, மாறணுமா?" சேலையூரிலும் செம்பாக்கத்திலும் காதில் விழும் பதில்கள் பெரும்பாலும் அரைகுறை.

நம்பிக்கை: "மாறலைன்னா என்ன? வாட்ச் என் கையிலதானே இருக்கு."

வாட்ச் உங்களுடையதுதான். ஆனால் ஃபிட்பிட் கருவிகள் நிமிடவாரியான விவரத்தைச் சுமார் 7 நாட்களும், அன்றாட மொத்தங்களை 30 நாட்களும் மட்டுமே தம்முள் வைத்திருக்கும். ஐந்தாறு வருட நடையும் தூக்கமும் நாடித்துடிப்பும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. 2021 ஜனவரியில் கூகுள் ஃபிட்பிட்டை வாங்கி முடித்தபோது (விலை 210 கோடி டாலர்) அவையும் கைமாறின. புதிதாகச் சேர்பவர்களுக்கு 2023 ஜூன் முதல் கூகுள் கணக்கு கட்டாயம். பழையவர்களுக்கு முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 பிப்ரவரி 2 என்றார்கள், அதுவும் மே 19-க்குத் தள்ளிப்போனது. கெடு தாண்டினால் பழைய கணக்கு செல்லாது. அதிலுள்ள தரவு அழிக்கப்படும். மாறு, இல்லையென்றால் இழ என்பதற்குச் 'சம்மதம்' என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

நம்பிக்கை: "மாறினா நம்ம பிபி, சுகர் எல்லாம் விளம்பரக்காரனுக்குப் போயிடும்."

இது மிகை. ஃபிட்பிட்டின் உடல்நலத் தரவைக் கூகுள் விளம்பரங்களுக்குப் பயன்படுத்துவதில்லை என்று அந்த நிறுவனம் உறுதி சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த உறுதியின் பலம் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பிய ஆணையம் 2020 டிசம்பரில் இதை 10 ஆண்டு நிபந்தனையாக்கித்தான் விற்பனைக்கே அனுமதி கொடுத்தது. பாரிஸ்காரருக்கு அது சட்டக் கட்டு. பல்லாவரத்துக்காரருக்கு நிறுவனத்தின் வாக்கு.

நம்பிக்கை: "புதுச் சட்டம் வந்தாச்சு, என் டேட்டா எனக்குச் சொந்தம்."

2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'சொந்தம்' என்ற பேச்சே இல்லை. உங்கள் தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குத் தரவை அப்படியே எடுத்துச்செல்லும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது. 2023 சட்டத்தில் காணவில்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம்.

நம்பிக்கை: "ஆப்பை டெலீட் பண்ணிட்டா எல்லாம் போயிடும்."

போகாது. கணக்கையோ அதிலுள்ள தரவையோ அழித்தால்தான் போகும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மகன் அப்பா கையில் வாட்சைக் கட்டிவிட்டு, அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியிலேயே கணக்கைத் திறந்துவிட்டுப் போயிருப்பான். அதை அப்படியே மாற்றினால் அப்பாவின் இதயத்துடிப்பு மகனின் கூகுள் கணக்கில் போய் உட்காரும். மாறிய பின் பழைய கணக்குக்குத் திரும்ப வழியில்லை. அதனால் எந்த ஐடியில் மாறுவது என்பதை அப்பாவே தீர்மானிக்கட்டும்.

மாறுவதற்கு முன் ஒரு பிரதி இறக்கிவையுங்கள். பழைய கணக்கென்றால் அதன் செட்டிங்ஸிலேயே தரவு ஏற்றுமதி இருக்கிறது. மாறிவிட்டவர்களுக்குக் கூகுள் டேக்அவுட் என்ற தரவு இறக்கும் வசதி. நாளுக்கொரு கோப்பாக, சில நொடிக்கொரு நாடித்துடிப்பு வரிசையாக வரும். பார்க்க மிரட்டலாக இருக்கும், பயப்பட வேண்டாம். இன்று உங்களுக்குப் புரியாவிட்டாலும் நாளை உங்கள் இதய மருத்துவர் கேட்டால் கொடுக்கலாம். பென்டிரைவில் ஒன்று, வீட்டு கம்ப்யூட்டரில் ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.