புற்றுநோய் இல்லை, ஆனாலும் ஏன் அவசரம்?

கேள்வி: என் தங்கைக்கு அடிக்கடி தலைவலி. ஸ்கேனில் மூளையின் மூன்றாம் அறையில் ‘கொலாய்டு சிஸ்ட்’ என்று வந்திருக்கிறது. புற்றுநோய் இல்லையாம், ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். ஏன்?

பதில்: அவசரத்துக்குக் காரணம் அது இருக்கும் இடம். மூளைக்குள் தினமும் சுமார் 500 மில்லி நீர் சுரக்கிறது. பக்க அறைகளிலிருந்து அந்த நீர் மூன்றாம் அறைக்கு இறங்கும் குறுகிய வாயிலை ஒட்டித்தான் இந்தக் கட்டி வளரும். கூழ் நிறைந்த ஒரு சிறு பை அது. பட்டாணி அளவு இருந்தாலே வழியை அடைத்துவிடலாம். அடைத்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். திடீர் மயக்கம், அபூர்வமாக மரணம்கூட நேரும். அறிகுறியே இல்லாத சிறு கட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தால் போதும். உங்கள் தங்கைக்குத் தலைவலி இருக்கிறதே, தள்ளிப்போடாதீர்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு எண்டோஸ்கோப் மூலமே பலருக்கும் அகற்றிவிடுகிறார்கள். அதற்குள் வாந்தியோ, நடையில் தடுமாற்றமோ, அரைமயக்கமோ வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.