அளக்கக் கிளம்பும் பிள்ளைக்கு

கண்ணு, கேரளத்தின் அட்டப்பாடியில் ஒரு திட்டத்தின் கண்காணிப்பு, மதிப்பீட்டு வேலைக்கு உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். பயிற்சியில் கட்டம் போட்ட ஒரு பெரிய தாள் கொடுத்திருப்பார்கள். இடுபொருள், செயல்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம் என்று ஐந்து படி. விளைவு சார்ந்த மேலாண்மை என்று அதற்குப் பேர். 1969 வாக்கில் அமெரிக்காவின் வளர்ச்சி உதவி நிறுவனம் போட்ட கட்டம், உலகமெல்லாம் சுற்றி, உரு மாறி, இப்போது உன் கைக்கு வந்திருக்கிறது. தாளில் குறையில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிறவருக்கு எந்தக் குணம் வேண்டும் என்பதைத்தான் அது சொல்லாது. ஆனைகட்டிச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்கு முன்னால் சிலதைக் கேட்டுக்கொள்.

1. செய்த வேலை வேறு, நடந்த மாற்றம் வேறு. தடுப்பணை கட்டினால் அது வெளியீடு. அதற்குக் கீழே இருக்கும் கிணற்றில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் நின்றால் அது விளைவு. இதற்கு நீ போகிற மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1995இல் கேரள அரசு அமைத்த அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கத்தை எல்லோரும் அஹாட்ஸ் என்பார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 219 கோடி ரூபாயில், 1996இலிருந்து 2010 வரை அது தரிசு மீட்புத் திட்டத்தை நடத்தியது. மொட்டைக் குன்றுகளில் மரம், சரிவுகளில் மண் அரிப்புத் தடுப்பு, ஓடைகளில் தடுப்பணை, ஊர்களில் வீடு என்று வேலை நடந்தது. எத்தனை கன்று, எத்தனை அணை என்பதெல்லாம் கோப்பில் இருக்கும். ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது வேறு. மழைக்கு மட்டும் தண்ணீர் காட்டி, மற்ற நாளில் மணலாகக் கிடந்த கொடுங்கரைப்பள்ளம் மறுபடி ஓடத் தொடங்கியதே, அதைத்தான் சொல்வார்கள். நட்டவன் கணக்கு நட்ட அன்றோடு முடியும்; கன்றின் கணக்கு மூன்றாம் கோடையில்தான் தொடங்கும். உன்னை அனுப்புவது இரண்டாவது கணக்கை எழுத. முதல் கணக்கை எழுத ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

2. தாளில் இல்லாத கேள்வியைக் கேட்கத் துணிவு வேண்டும். இதைக் கொஞ்சம் நின்று படி. அஹாட்ஸ் திட்டம் முடிந்து மூன்றாவது வருடம், 2013இல், அட்டப்பாடி நாடு முழுக்கச் செய்தியானது. பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தன. ஹைதராபாதிலிருந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் குழு வந்து பார்த்தது. தாய்மாரின் சத்துக்குறைவு, ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு என்று பேச்சு எழுந்தது. ஓடையில் தண்ணீர் ஓடியது. கர்ப்பிணியின் உடம்பில் ரத்தம் இல்லை. மரமும் மண்ணும் காக்க வந்த திட்டத்தைக் குழந்தை ஏன் செத்தது என்று கேட்பது நியாயமில்லைதான். அந்தக் குற்றத்தை அதன் தலையில் நான் கட்டமாட்டேன். ஆனால் ஒரு மலைக்கு இத்தனை துறையும் இத்தனை பணமும் வந்துபோன பிறகு, எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யார்? அவரவர் கட்டம் அவரவருக்கு நிறைந்திருந்தது.

தாளுக்கு வெளியே இருந்தது என்ன தெரியுமா? 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். 2001இல் பத்தில் நாலு பேர்தான். நடுவில் நிலம் கைமாறியது. கைமாறிய நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975இலேயே கேரளத்தில் சட்டம் வந்தது. நிலம் வந்து சேரவில்லை. ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைந்த காடு சுருங்க, தட்டில் ரேஷன் அரிசி மட்டும் நின்றது. இதில் ஒன்றாவது உன் சுட்டிகளில் இருக்கிறதா என்று பார். பன்னாட்டு மதிப்பீட்டாளர்கள் 1991இல் ஐந்து அளவுகோல் வைத்தார்கள். 2019இல்தான் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு வேலை பக்கத்து வேலையோடு ஒத்துப்போகிறதா என்பது அந்த ஆறாவது. அட்டப்பாடித் தாய்மாருக்கு அது ரொம்பத் தாமதம்.

3. தொடங்கும் முன் அளந்துவை. அடிப்படை ஆய்வு இல்லாமல் பின்னால் எழுதும் வளர்ச்சிக் கதை எல்லாம் ஊகம். மேலிடம் அவசரப்படுத்தும், ‘முதலில் வேலையை ஆரம்பியுங்கள், ஆய்வை அப்புறம் பார்க்கலாம்’ என்பார்கள். பணிந்து பேசு, ஆனால் விட்டுக்கொடுக்காதே. எந்த மாதத்தில் அளந்தாய் என்பதையும் எழுதிவை. அறுவடை முடிந்த வீட்டையும் ஆடி மாத வீட்டையும் ஒப்பிட்டால் இல்லாத பஞ்சமும் தெரியும், இல்லாத செழிப்பும் தெரியும்.

4. சராசரியை நம்பி உறங்காதே. முக்காலிப் பக்கம் மழை கொட்டும். ஆனைகட்டிப் பக்கம் மழை மறைவு. இரண்டையும் கூட்டி வகுத்து ‘அட்டப்பாடியின் மழை’ என்று ஒரு எண் எழுதினால், அப்படி ஒரு மழை எந்தத் தோட்டத்திலும் பெய்ததே இல்லை. மனிதர்களும் அப்படித்தான். இருளர், முடுகர், குறும்பர் மூவரும் ஒரே கட்டத்தில் ‘பழங்குடி’ ஆகிவிடுவார்கள். புதூர்ப் பஞ்சாயத்தின் உட்காட்டில் இருக்கும் குறும்பர் ஊருக்கும், தார் ரோட்டோரம் இருக்கும் இருளர் ஊருக்கும் ஆஸ்பத்திரி ஒரே தூரமா? ஆணும் பெண்ணும் தனித்தனி, ஊரும் ஊரும் தனித்தனி, நிலம் உள்ளவரும் இல்லாதவரும் தனித்தனியாகப் பிரித்து எழுது. மேலிடத்தில் ஒரே வரி கேட்டால் கொடு. பிரித்த கணக்கு உன் கையில் இருக்கட்டும்.

5. ஊருக்குள் பெரியவன் போல நுழையாதே. இங்கே ஊர் என்றால் ஆதிவாசிக் குடியிருப்பு. தலைவராக மூப்பன் இருப்பார், பொருளைக் கவனிக்கப் பண்டாரி இருப்பார், உதவிக்குக் குறுதலை இருப்பார். எப்போது விதைப்பது என்று சொல்ல மண்ணூக்காரர் இருப்பார். நீ லட்சம் ரூபாய் கருவியில் மண்ணைச் சோதித்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேள். கூலி வேலைக்குப் போகும் நேரத்தில் கணக்கெடுக்கப் போனால் கிழவர்களும் குழந்தைகளும்தான் கிடைப்பார்கள், உன் கணக்கும் அப்படியே சாயும். சாயங்காலம் போ. தமிழும் மலையாளமும் அவர்களுக்குப் புரியும். ஆனால் துக்கத்தை அவரவர் பேச்சில்தான் சொல்வார்கள், அதனால் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கூட வைத்துக்கொள். குழந்தையைப் பறிகொடுத்தவள் முன்னால் டேப்லெட்டைத் திறந்து முப்பத்திரண்டாம் கேள்வியை வாசிக்காதே. மூடி வை. கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

6. கெட்ட எண்ணுக்குப் பொய்ச்சட்டை போடாதே. அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தைகளை நிறுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எடை குறைந்த குழந்தை அதிகமானால் திட்டு விழும் என்று ஆகிவிட்ட இடத்தில் என்ன ஆகும் தெரியுமா? குழந்தை அப்படியே இருக்கும், பதிவேட்டில் எடை ஏறும். நான் வேலை பார்த்த ஒரு மாவட்டத்தில் அப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன். அத்தனை குழந்தையும் ஒரே அளவாக, மாதம் இத்தனை கிராம் என்று அடுக்கி வைத்ததுபோல் வளர்ந்திருந்தன. எழுதிய அம்மாளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டு வாங்காமல் உண்மை எழுதும் வழியை அவளுக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருக்காது. இந்தக் கருத்தைச் சார்லஸ் குட்ஹார்ட் என்கிற பொருளாதார அறிஞர் 1975இல் பண விவகாரத்தில் சொன்னார், எடை விவகாரத்துக்கும் பொருந்தும். ஆகவே நீ மேற்பார்வைக்குப் போகிற இடத்தில், குறைந்த எண்ணைக் கொண்டுவருகிறவருக்கு முதலில் நன்றி சொல். பிறகு காரணம் கேள்.

7. ‘எங்களால்தான்’ என்று எழுதக் கை வந்தால் பேனாவைக் கீழே வை. 2013க்குப் பிறகு குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் ஊர் ஊராகச் சமூகச் சமையலறை நடத்தினார்கள். 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டம் வந்தது. கோட்டத்தறையில் பழங்குடி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாளைக்கு ஒரு தாய் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடையோடு பிள்ளை பெற்றால், அதில் எதற்கு எத்தனை பங்கு? அவள் மாமியார் காலையில் கிண்டிக் கொடுத்த ராகிக் களிக்கு எத்தனை பங்கு? உன் திட்டமும் துணை நின்றது என்று எழுது, அதற்குச் சான்று வை. போதும்.

ஒன்று மட்டும் தவறாமல் பார். சமையலறையில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதோடு நின்றுவிடாதே. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11ஐத் தொட்டதா, பிறந்த எடை கூடியதா என்று போய்ப் பார். சாப்பாட்டு எண்ணிக்கை எளிது. அதனாலேயே எல்லோரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள்.

8. திட்டம் முடிந்த பிறகும் ஒருமுறை போ. பணம் இருக்கும் வரை எந்த மோட்டாரும் ஓடும், எந்தக் குழுவும் கூடும். அஹாட்ஸ் ஒவ்வொரு குடியிருப்பிலும் ‘ஊர் விகசன சமிதி’ என்ற வளர்ச்சிக் குழுவை அமைத்தது. வேலையை ஊர்க்காரர்களே எடுத்து நடத்த வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. நல்ல எண்ணம். அப்படி ஒரு குழுவின் உண்மையான மதிப்பெண்ணைக் கடைசித் தவணைப் பணம் வந்த மாதத்தில் போடக் கூடாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, ஜீப்பும் சம்பளமும் இல்லாத ஒரு நாளில் போட வேண்டும். அந்தப் பயணத்துக்குப் பயணப்படி கிடைக்காமல் போகலாம். உன் காசில் போ.

9. இது கடைசி. நீ ஊரில் எடுத்த எண் ஊருக்குத்தான் முதலில் சொந்தம். வழக்கத்தில் அது நேர் தலைகீழாக நடக்கிறது. அகளி அலுவலகத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போகும், அங்கிருந்து திருவனந்தபுரம், டெல்லி, அதற்கும் அப்பால் கடன் கொடுத்தவர் மேசை வரை போகும். எடுத்த வீட்டுக்கு மட்டும் திரும்பாது. தங்கள் குழந்தைகளில் எத்தனை பேர் எடை குறைவு என்று செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. வேலை நீ நினைப்பதைவிடச் சின்னதுதான் கண்ணு. மாதக் கடைசியில் அறிக்கை முடிந்ததும், ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து மூப்பனுக்கும் பெண்களுக்கும் அதை வாசித்துக் காட்டு. தப்பு என்று அவர்கள் சொல்வதைத் திருத்து. தலைமை அலுவலகத்துக்கு மறுநாள் அனுப்பினால் போதும்.