டிராவல் இன்ஷூரன்ஸ்: முதன்முறை வெளிநாடு போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

விமான டிக்கெட் எடுக்கும்போது பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும். கூடுதலாகச் சில நூறு ரூபாய் கட்டினால் பயணக் காப்பீடும் உண்டு என்று அதில் இருக்கும். டிக் செய்துவிட்டுப் பலரும் அந்தப் பேச்சையே மறந்துவிடுகிறார்கள். விசாவுக்குக் கேட்கிறார்களே என்று, இருப்பதிலேயே விலை குறைந்த பாலிசியை ஏஜென்ட்டிடம் வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. எந்தச் செலவுக்குப் பயந்து இதை எடுக்கிறோம் என்ற கேள்வி இரண்டு இடத்திலுமே எழுவதில்லை.

பெட்டி தொலைந்தால் சில ஆயிரம் ரூபாய் போகும். விமானம் தாமதமானால் ஓர் இரவு வீணாகும். முன்பின் தெரியாத ஊரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும். ஆகவே டிராவல் இன்ஷூரன்ஸை முதலில் மருத்துவக் காப்பீடாகப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஊரில் உள்ள மெடிக்ளெய்ம் போதாதா?

பெரும்பாலும் போதாது. நாம் இங்கே எடுக்கும் சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும். அலுவலகத்தில் தரும் குரூப் பாலிசியும் அநேகமாக அப்படித்தான். கிரெடிட் கார்டோடு வரும் இலவசக் காப்பீட்டை நம்புகிறவர்கள், அதில் ஆஸ்பத்திரிச் செலவு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல கார்டுகளில் விபத்து மரணத்துக்கான இழப்பீடுதான் பெரிய எழுத்தில் இருக்கும். டிக்கெட்டையும் அதே கார்டில் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

போகிற நாட்டின் அரசு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளாதா என்றால், அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியிடம் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். நியூசிலாந்தில் விபத்தில் அடிபட்டால் சுற்றுலாப் பயணிக்கும் அரசுத் திட்டமே சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும், நோய் வந்தால் பார்க்காது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர நிலையில் வருகிறவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உயிருக்கு ஆபத்து நீங்கும்வரை பார்ப்பார்கள், பில்லை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

படி 1: யார், எங்கே, எத்தனை நாள்

பிரீமியத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த மூன்றுதான். நிறுவனங்கள் உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து விலை வைத்திருக்கின்றன. அமெரிக்கா, கனடா சேர்ந்த பாலிசிக்கு விலை அதிகம். அவை சேராத பாலிசி மலிவு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போன்ற பயணங்களுக்கு ஆசிய நாடுகளுக்கு மட்டுமான பாலிசி இன்னும் மலிவாகக் கிடைக்கும். வழியில் வேறு நாட்டில் இரண்டு நாள் தங்கிப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நாள் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. 15-ஆம் தேதி அதிகாலை 1.30 மணி விமானத்தை நாம் ‘14-ஆம் தேதி ராத்திரி ஃபிளைட்’ என்றுதான் சொல்வோம். பாலிசியில் தேதி போடும்போது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். திரும்பும் நாளுக்குப் பின் இரண்டு மூன்று நாள் சேர்த்து எடுப்பது நல்லது. அதற்கு ஆகும் கூடுதல் தொகை சொற்பம்.

படி 2: எவ்வளவு தொகைக்கு எடுப்பது

ஐரோப்பாவில் ஷெங்கன் விசா கேட்கிறவர்களுக்குச் சட்டமே ஒரு குறைந்தபட்சத் தொகையைச் சொல்லிவிடுகிறது. 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு வேண்டும். அது இப்போது ஷெங்கன் பகுதியில் உள்ள 29 நாடுகளிலும், தங்கும் நாள் முழுவதும் செல்ல வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவக் காரணத்துக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பிவைப்பது, இறந்தால் உடலைக் கொண்டுவருவது ஆகிய மூன்றும் அதற்குள் வர வேண்டும். விசா கிடைக்காவிட்டால் பிரீமியத்தைத் திருப்பித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மறுப்புக் கடிதத்தைக் காட்டினால், சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன.

30,000 யூரோ என்பது விசாவுக்கான தொகை. அதுவே நமக்குப் போதும் என்று நினைக்கக் கூடாது. என் கருத்தில் ஐரோப்பா போகிறவர் 50,000 டாலருக்குக் குறைந்து எடுக்க வேண்டாம். அமெரிக்கா என்றால் 1,00,000 டாலரிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும். பெரியவர்கள் போனால் அதற்கும் மேலே. காப்பீட்டுத் தொகையை இரண்டு மடங்காக்கினால் பிரீமியமும் இரண்டு மடங்காகும் என்று பயப்பட வேண்டாம். ஏறுவது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவுதான்.

படி 3: உள்ளே ஒளிந்திருக்கும் வரம்புகள்

மேலட்டையில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போனால், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி உச்சவரம்பு போட்ட அட்டவணை இருக்கலாம். இதைத்தான் சப்-லிமிட் என்கிறார்கள். அறை வாடகை ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐசியு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு என்று போகும். உதாரணமாக, அறுவை சிகிச்சைக்கு 10,000 டாலர் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். பில் 28,000 டாலர் வந்தால் மீதி 18,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான் போகும். பாலிசித் தொகையில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அது உதவாது. அப்பா அம்மாவுக்கு எடுக்கும்போது சப்-லிமிட் இல்லாத பாலிசியைக் கேளுங்கள். பிரீமியம் கூடுதல்தான், கொடுக்கத் தகுந்த பணம் அது.

அடுத்தது டிடக்டிபிள். ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை இது. 100 டாலர் டிடக்டிபிள் இருக்கும் பாலிசியில் காய்ச்சலுக்கு 340 டாலர் ஆனால் 240 டாலர்தான் வரும். இது சின்ன விஷயம். சப்-லிமிட்தான் ஆளைச் சாய்க்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அங்கிருந்தே ‘விசிட்டர் இன்ஷூரன்ஸ்’ எடுத்துத் தரலாம். அதில் இரண்டு வகை. ‘ஃபிக்ஸட் பெனிஃபிட்’ என்ற மலிவான வகையில் மேலே சொன்ன மாதிரி ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. ‘காம்ப்ரிஹென்சிவ்’ வகையில், டிடக்டிபிள் போக மீதியில் பெரும்பகுதியை மொத்தத் தொகை வரை தருவார்கள். இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். இந்தப் பாலிசிகளை அங்கே போய் இறங்கிய பிறகும் வாங்க முடியும். நம் நாட்டு நிறுவனங்களின் பாலிசியைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

படி 4: சுகர், பிரஷரை மறைக்காதீர்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

புரொபோசல் படிவத்தில் ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சுகர். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. “இல்லைன்னு போட்டுடலாம் சார், எதுக்கு வீணா பிரீமியம் ஏறணும்?” என்பார் ஏஜென்ட். நமக்கும் அது சரி என்றே படும்.

அங்கே அம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நர்ஸ் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. மகள் பதறிப்போய் உண்மையைத்தான் சொல்வாள், சொல்லத்தான் வேண்டும். ‘மெட்ஃபார்மின், எட்டு ஆண்டுகளாக’ என்று அட்மிஷன் குறிப்பில் ஏறிவிடும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் வாங்கிப் படிப்பது அந்தக் குறிப்பைத்தான். படிவத்தில் ‘இல்லை’, குறிப்பில் ‘உண்டு’. அந்த ஒரு காரணத்துக்காகவே கிளெய்மை மறுக்கலாம், பாலிசியையே செல்லாது என்று சொல்லலாம். மயக்கத்துக்கும் சுகருக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் நீங்கள் வாதாடிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொன்ன பிறகு பாலிசி என்ன தரும் என்பது அடுத்த கேள்வி. சில பாலிசிகளில் பழைய நோயால் வரும் எந்தச் செலவும் கிடையாது. சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் மட்டும், அந்த ஆபத்து நீங்கும்வரை, ஒரு வரம்புக்குள் தருவார்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால் பழைய நோய்க்கும் சேர்த்துத் தருகிற பாலிசிகளும் உண்டு. உங்களுடையது இதில் எந்த வகை என்று இமெயிலில் கேட்டு, பதிலையும் இமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்வது பிறகு உதவாது. அமெரிக்க விசிட்டர் பாலிசிகளில் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். பழைய நோய் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று முற்றி, உடனே சிகிச்சைக்கு ஓடினால் மட்டும் தருவது அது. வழக்கமான செக்கப்பும் மாத்திரை வாங்குவதும் அதில் வராது. எனவே பயண நாள் முழுவதற்கும் வேண்டிய மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு இங்கிருந்தே கொண்டுபோவதுதான் வழி.

படி 5: எவற்றுக்குக் கிடைக்காது

பாலிசி ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். மது அருந்திய நிலையில் நடந்த விபத்து, பிரசவம், வலி தீர்ப்பதைத் தாண்டிய பல் சிகிச்சை ஆகியவை சாதாரணமாக விலக்கப்பட்டிருக்கும்.

தாய்லாந்திலும் பாலியிலும் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்பது நம் இளைஞர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வாகனத்தை அங்கே ஓட்டச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிட்டால் கிளெய்ம் நிற்காது. கிளம்புவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அது ஓராண்டு செல்லும். அதில் இருசக்கர வாகனமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் போடுங்கள்.

ஸ்கூபா, பாராசெயிலிங், பங்கி ஜம்ப் போன்றவற்றுக்குத் தனியாகச் சாகச விளையாட்டுக் காப்பீடு சேர்க்க வேண்டியிருக்கும். முக்திநாத்துக்கும் கயிலாயத்துக்கும் போகிற பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். கயிலாயப் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்று பல பாலிசிகளில் வரம்பு உண்டு. மூச்சுத் திணறல் வந்தால் ஹெலிகாப்டரில் கீழே இறக்குவதற்கான செலவு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று யாத்திரை நடத்துகிறவரிடம் கேட்டால் போதாது. பாலிசியில் அந்த வரியைக் கண்ணால் பாருங்கள்.

படி 6: பெட்டி, பாஸ்போர்ட், ரத்து

பயணம் ரத்தானால் பணம் தருவதாகச் சொல்லும் பாலிசி எல்லாக் காரணத்துக்கும் தராது. நோய், நெருங்கிய உறவினர் மரணம் போல அது பட்டியலிட்டிருக்கும் காரணங்களுக்கு மட்டும்தான். மனம் மாறினால் கிடையாது. புயலோ போரோ செய்தியில் வந்த பிறகு வாங்கிய பாலிசியில் அதற்குக் கிடைக்காது. அதனால் டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியையும் எடுப்பது நல்லது.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் புகார் எழுதி, நகலை வாங்குங்கள். பிஐஆர் என்று கேட்டால் தருவார்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 21 நாளில் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொள்ளலாம். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். விமான நிறுவனம் தர வேண்டிய உச்சத் தொகை பயணி ஒருவருக்கு ஏறத்தாழ 2,000 டாலர். நகை, கேமரா, லேப்டாப் ஆகியவை தொலைந்தால் டிராவல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தராது. அவற்றைக் கைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகாரின் நகல் இல்லாமல் எதுவும் நடக்காது.

அங்கே உடம்பு முடியாமல் போனால்

பாலிசியில் ஓர் அவசர உதவி எண் இருக்கும். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் காகிதத்தில் எழுதி, கூடப் போகிறவர் பர்ஸில் ஒன்றும் ஊரில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்றுமாகக் கொடுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துபோகும் நேரத்தில்தான் இது தேவைப்படும். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்பே, முடியாவிட்டால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள், அந்த எண்ணில் சொல்லிவிடுங்கள். கேஷ்லெஸ் கிடைக்க அதுதான் வழி. சொல்லாமல் விட்டால் முழுப் பில்லையும் கட்டிவிட்டு ஊருக்கு வந்து கேட்க வேண்டியிருக்கும். சின்னச் செலவுகளுக்கு எப்படியும் அப்படித்தான். டாக்டர் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய ரசீது, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கம் எல்லாவற்றையும் அன்றன்றே படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மூலத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் தீர்ப்பு சொல்ல முடியும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு பாலிசி நகல், மறுப்புக் கடிதம், ஆஸ்பத்திரிக் காகிதங்கள், அன்றைக்குக் கேட்டு வாங்கி வைத்த இமெயில் எல்லாவற்றையும் இணையுங்கள்.