நாய்க்குட்டியின் பாதம் கோணலா? கலங்க வேண்டாம்!

வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் பாதம் மடங்கியோ, விரல்கள் கோணியோ இருந்தால், 'இது தேறாது' என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாய்க்குட்டிகள் எழுந்து நடப்பதே மூன்றாவது வாரத்தில்தான். அதுவரை எலும்பும் தசைநாரும் இளசாக இருப்பதால், பல கோணல்களைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு.

1. பால் குடிக்கும்போது பலமுள்ள குட்டிகள் இந்தக் குட்டியைத் தள்ளிவிட்டு முந்திக்கொள்ளும். பிறந்த 12 மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக, நீங்களே பிடித்துக் காம்பில் சேர்த்துவிடுங்கள்.

2. வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். பிளவு இருந்தாலோ, பால் மூக்கு வழியே வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பாதம் வீங்கியிருந்தால், தாய் மிதித்து எலும்பு முறிந்திருக்கலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

3. முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் இடம் இருக்கட்டும்.

4. உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், செரிக்காது. முதலில் மெல்லச் சூடேற்றுங்கள். புகட்டும்போது மல்லாத்தாமல், குப்புற வைத்துத் தலையைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள்.

5. பசும்பால் மட்டும் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். தாய்ப்பால் போதாவிட்டால், நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். அளவு மீறினால் அதுவே எலும்பைக் கோணலாக்கும்.

6. டைல்ஸ், மொசைக், செய்தித்தாள் மூன்றுமே வழுக்கும். ரப்பர் பாயின் மேல் பழைய பருத்தித் துண்டை இறுக்கி விரியுங்கள். நூல் பிரிந்த துணி விரலில் சுற்றி இறுக்கிவிடும், கவனம்.

7. சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். பிறந்த எடை 10 முதல் 14 நாளில் இரட்டிப்பாக வேண்டும். அளவுக்கு மேல் கொழுத்தாலும் காலுக்குப் பாரம்தான்.

8. ஐஸ் குச்சி வைத்து நீங்களே கட்டுப் போட வேண்டாம். மருத்துவர் போட்ட கட்டிலும் விரல் நுனி வீங்கினாலோ, சில்லிட்டாலோ உடனே அவரிடம் ஓடுங்கள்.

9. மருத்துவர் காட்டியபடி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒரு தடவைக்குச் சில நிமிடம் போதும். குட்டி கத்தினால் நிறுத்திவிடுங்கள்.

10. மூன்றாவது வாரத்தில் மற்றவை எழுந்து நிற்க, இது மட்டும் தவளை மாதிரி கால் பரப்பி நெஞ்சால் நகர்கிறதா? இதை 'நீச்சல் குட்டி' என்பார்கள். உடனே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானவை நடந்துவிடும்.

சில பாதங்கள் நிமிராமலே போகலாம். கோணல் காலோடும் நாய் நன்றாகவே வாழும். வளர்ந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள். தத்துக் கொடுப்பதானால் குறையை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.