தோப்புக்குத் தக்க வண்டி

கம்பம்,
ஆனி 10

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்த பிறகு போன் பண்ணு, நடுவில் வேண்டாம்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் தோப்பைப் பார்க்க வருகிறாய் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன் அம்மாவைக் கேள். ஆனால் நேற்று உன் சித்தி வந்து இரண்டு விஷயம் சொன்னாள். செகண்ட் ஹேண்டில் 45 எச்பி வண்டி ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். அது உள்ளே வரப் பாதை போதாது என்று கேட் பக்கத்துப் புளிய மரம் இரண்டையும் உன் அப்பா வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்து காட்டினாராம். முதல் விஷயத்தைக் கேட்டபோது சும்மாதான் இருந்தேன். இரண்டாவதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமில்லை.

எந்த வண்டி வாங்குவது என்பது உன் முடிவு. உன் பணம், உன் உழைப்பு. உன் மாமா போன பிறகு என் திராட்சைப் பந்தலையும் தென்னையையும் ஒரு மினி டிராக்டரை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்.

முதலில் வண்டியைப் பார்க்காதே, தோப்பை அள. தென்னை நமக்கு 25 அடிக்கு 25 அடி. ஏக்கருக்கு 70 மரம் வருகிற கணக்கு அது. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 6 அடி வட்டம் வேருக்கும் உரத்துக்கும் உரியது. அதற்குள் ரோட்டவேட்டர் போகவே கூடாது, மண்வெட்டிதான். இரண்டு பக்கமும் ஆறாறு அடியைக் கழித்தால் நடுவில் உனக்கு மிஞ்சுவது 13 அடி. 4 அடி ரோட்டவேட்டர் மூன்று இழுப்பில் அதை ஏறக்குறைய முடித்துவிடும். 45 எச்பி வண்டியில் 6 அடி ரோட்டவேட்டர் மாட்டிக்கொண்டு வந்தால் இரண்டு இழுப்புதான். ஆனால் திரும்புகிற இடத்தில் எந்த மரத்தில் உரசப் போகிறாய் என்று நீயே நடந்து பார். மேல்பக்கம் மாமரமும் இலவமும் கணக்கில்லாமல் நிற்கிற இடத்தில் 13 அடியும் கிடையாது. தாழ்ந்த கிளை ஓட்டுகிறவன் நெற்றிக்கு நேராக வரும்.

அளக்கும்போது டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை டேப் வைத்து அள. விளம்பர நோட்டீசில் போட்டிருக்கிற அகலம் டயரை உள்ளே தள்ளி மாட்டியபோது எடுத்ததாக இருக்கும். ஷோரூமுக்கே டேப் கொண்டு போ. வெட்கப்படாதே.

இனி உனக்கு இருக்கிற வழிகள்.

பவர் டில்லர் ஒன்று. கேரள அரசின் காம்கோ 1973-லிருந்து இருக்கிற நிறுவனம், குமுளிக்கு அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் அந்த வண்டிதான். நம் பள்ளத்தாக்கில் பெரியாறு தண்ணீர் பாய்கிற நெல் வயலில் தொளி கலக்க அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் தோப்புக்கு வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் மரம் நின்றால் ஓட்டுகிறவன் கைப்பிடிக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான். திறந்த வயலில் பின்னால் மரமே இல்லை, அதனால் அங்கே அந்தப் பயம் கிடையாது.

இரண்டாவது, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மினி டிராக்டர். விலை குறையும். சமதரையாக இருந்தால் அதையே வாங்கு என்று சொல்லியிருப்பேன். நம் தோப்பு மலையடிவாரம். சாரல் பிடித்துச் செவல் மண் ஊறிய பிறகு சரிவில் பின்சக்கரம் வழுக்கும்.

மூன்றாவது, நாலு சக்கரமும் இழுக்கிற மினி. மஹிந்திரா ஜீவோ 245-ம் குபோட்டா நியோஸ்டார் பி2441-ம் 24 எச்பி. ஜான் டியர் 3028 இஎன் 28 எச்பி. விஎஸ்டியிலும் உண்டு. ஏறும்போது இழுக்கும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். இறங்கும்போது என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும். நாலு சக்கரமும் கியரில் பிணைந்திருப்பதால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். டிரெய்லரில் தேங்காய் ஏற்றிக்கொண்டு இறங்குகிறபோது அதன் அருமை தெரியும். ஸ்வராஜ் கோட் என்று 2021-ல் ஒன்று வந்தது, 11 எச்பி. ஆள் நடக்கிற சந்திலும் புகும், காய்கறிக் களைக்குச் சரி. நம் டிரெய்லருக்குப் போதாது.

நாலாவது உன் 45. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். உன் அப்பா பெரிய வண்டி வாங்கிய வருஷம் நீ பிறக்கவில்லை. மேற்கு வரப்பில் வரிசையாக நின்ற புளிய மரங்கள் உன் அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் வைத்தவை. மாசி பங்குனியில் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மிதித்துப் பானையில் அடைத்து, எனக்கு ஒரு பங்கும் உன் பெரியத்தைக்கு ஒரு பங்கும் வந்துவிடும். நாங்கள் நிலத்தில் பங்கு கேட்டதில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டோம். பிறந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வந்தது அந்தப் புளி ஒன்றுதான். அதற்குத்தான் கோடாலி விழுந்தது, எதற்காக? வண்டி கலப்பையோடு திரும்ப 20 அடி வேண்டும் என்பதற்காக. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் உன் அம்மா கடையில் புளி வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அவள் நல்ல மனசு. நான் அதைக் கரைத்துக் குழம்பு வைக்கவே இல்லை.

புளிய மரத்தடியில் ஒன்றும் விளையாது என்பது உன் அப்பாவின் வாதம். அது உண்மைதான், நிழல் அப்படி. ஆனால் அந்த வரிசை நின்றது மேற்கே. தென்மேற்குக் காற்று மலைச்சந்து வழியாக நம் பள்ளத்தாக்குக்குள் எப்படிப் பாய்கிறது என்று ஆனி ஆடியில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு நின்றவை அவைதான். மரம் போன பிறகு குலை தள்ளின செவ்வாழை எத்தனை சாய்ந்தது என்று உன் அப்பாவிடம் கேள். கேட்டால் பதில் வராது. நடுவது ஒரு தலைமுறை, காய்ப்பதைப் பார்ப்பது அடுத்த தலைமுறை. அதை ஒரு வண்டி திரும்புவதற்காக எடுக்கக் கூடாது. மரத்துக்குத் தக்கபடி வண்டி வாங்க வேண்டும், வண்டிக்குத் தக்கபடி மரத்தை வெட்டக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கு மேல்சேர்க்கை.

அந்தத் தூர்களைப் பிடுங்கப் போய்த்தான் உன் அப்பாவின் இடது கால். அதை நீயே தினமும் பார்த்து வளர்ந்தவன், நான் திரும்பச் சொல்ல வேண்டாம். ஏன் அப்படி ஆனது என்பதை மட்டும் தெரிந்துகொள். சங்கிலியை டிராபாரில் கட்டாமல் மேலே டாப் லிங்க்கில் கட்டினார்கள். தூர் அசையாது, பின்சக்கரம் நகர முடியாமல் நிற்கும், வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. எதை இழுத்தாலும் அச்சுக்குக் கீழே, டிராபாரில் கட்டு. தூரையா? இழுக்கவே இழுக்காதே. ஜேசிபி வரட்டும், வாடகை கொடுத்துவிடு.

அதனால் வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவனைக் காக்கிற கம்பி தலைக்கு மேலே இருக்கிறதா என்று பார், சீட் பெல்ட்டோடு. நீ பேசியிருக்கிற பழைய வண்டியில் அது இருக்காது என்று நினைக்கிறேன். மடிக்கிற மாதிரிக் கம்பியாக இருந்தால் நல்லது. என் திராட்சைப் பந்தலுக்குள் போகும்போது மடக்கிக்கொள்வேன், வெளியே வந்ததும் நிமிர்த்திவிடுவேன். கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போடு, மடக்கியிருக்கும்போது போடாதே. பெல்ட் போட்டுக்கொண்டு கம்பி இல்லாமல் கவிழ்ந்தால் தப்பிக் குதிக்கவும் வழியில்லை.

பின்னால் சுற்றுகிற பிடிஓ தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. துண்டின் நுனியோ வேட்டியோ சிக்கினால் உருவ நேரம் கிடையாது. அதன் மேலுறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. களை பறிக்க வருகிற பெண்கள் சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொள்ளச் சொல். நீ முதலாளி, நீ சொன்னால்தான் கேட்பார்கள்.

சின்ன விஷயங்கள் சில. பங்குனி சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அது ரேடியேட்டர் முகப்பில் படிந்துவிட்டால் இன்ஜின் சூடேறும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஊதிவிடு. இன்ஜினில் 24 எச்பி என்று எழுதியிருந்தாலும் பிடிஓவுக்கு வருவது அதைவிடக் குறைவு, எந்தக் கருவி வாங்கினாலும் பிடிஓ கணக்கைக் கேள். ஸ்பேர் கம்பத்திலோ தேனியிலோ மறுநாளே கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் விசாரி, விற்கிறவரிடம் விசாரிக்காதே. இருட்டின பிறகு தோப்பில் ஓட்டாதே. 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பத்துத் தெருவுக்குள்ளேயே நடந்ததே, நம் தோப்பு காட்டோரம். இன்ஜின் சத்தத்தில் பின்னால் என்ன நிற்கிறது என்று உனக்குக் கேட்காது.

வருஷத்துக்கு ஒரு முறை ஆழ உழ வேண்டுமென்றால், தென்னை மட்டையைத் தூளாக்க வேண்டுமென்றால் பெரிய வண்டி தேவைதான். மரத்துக்கு வருஷம் 12 மட்டை விழும், ஏக்கருக்கு எண்ணூறுக்கு மேல். அதைக் கொளுத்தாதே, தூளாக்கி வேரடியில் போடு. ஆனால் அந்த ஒரு வேலைக்காகப் பெரிய வண்டியை வீட்டில் கட்டிப்போட்டுத் தவணை கட்ட வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே மணிக் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், உழவன் செயலியில் பதியலாம். திறந்த காட்டில் அது ஓடட்டும், மரத்தடிக்கு வர வேண்டாம்.

மானியமும் அதே துறைதான். பட்டா உன் அம்மா பேரில் இருப்பதால் பெண் விவசாயிக்கு உள்ள 50 சதவீதப் பிரிவில் கேட்கலாம், மற்றவர்களுக்கு 40. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு வாங்கிவிட்டால் மானியம் போச்சு. பழைய வண்டிக்கு அது கிடையவே கிடையாது. இதை வைத்து நான் எந்தப் பக்கமும் சாயவில்லை, கணக்கைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நிறைய எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் காட்டாதே. காட்டினாலும் பரவாயில்லை, ஆனால் காட்டாதே. அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். காலில் தைலம் போடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள். குளிர்காற்று தொடங்கிவிட்டது, வலிக்கும்.

நீ புத்திசாலி. நம் குடும்பத்தில் படித்துவிட்டு மண்ணுக்குத் திரும்பி வருகிற முதல் பிள்ளை நீதான். எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய். பெரிய வண்டியே வாங்கினாலும் அத்தை வந்து டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் திருஷ்டி கழித்துவிட்டுத்தான் போவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நிஜமாகவே பேச மாட்டேன். மினி எடுப்பதாக இருந்தால் முன்பணத்துக்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, திருப்பித் தர வேண்டாம். போன வாரம் வெட்டின பன்னீர் திராட்சையில் ஒரு பெட்டி உன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறேன். புளிக்கும், உனக்குப் பிடித்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வா. நாட்டுக்கோழி அடிக்கிறேன். சாப்பிட்ட பிறகு என் வண்டியைப் பந்தலுக்குள் நீயே ஓட்டிப் பார். அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
அத்தை

பி.கு.: புளிய மரத்தை வெட்டுகிற ஆளுக்குக் கூலி பேசியாகிவிட்டதென்றால் என்னிடம் சொல். அந்தக் கூலியை நான் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.