கன்றின் ரத்தம் எதைச் சொல்லும்?

“இளங்கொடி விழுகிற வரைக்கும் கன்றை மடியில் விடாதே” என்று சொல்லும் பெரியவர்கள் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கறவை மாடு வளர்ப்பில் இதைவிடக் கேடான நம்பிக்கை வேறில்லை என்றே சொல்வேன். மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருவிலேயே பெற்றுக்கொண்டு பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. சீம்பால் ஒன்றுதான் வழி. அந்தப் புரதங்களை உடைக்காமல் ரத்தத்துக்குள் விடும் குடலின் வாசலோ, பிறந்த சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கி, சுமார் 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். கொடி விழ எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் கன்றுக்குத்தான் இழப்பு. கன்று ஊட்டும்போது மாட்டுக்குச் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்குவதால், கொடி விழவும் ஊட்டுவதே துணை.

“ஊட்டியதைக் கண்ணால் பார்த்தேன், போதாதா?” போதாது. எவ்வளவு குடித்தது, அந்தப் பாலில் எதிர்ப்புப் புரதம் எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ரத்தத்தில் தெரியும். பிறந்து ஒரு நாள் கழிந்தபின், ஒரு வாரத்துக்குள், கால்நடை மருத்துவர் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார். அது உறைந்தபின் தெளிந்து நிற்கும் சீரத்தில் மொத்தப் புரதம் எவ்வளவு என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பார்கள். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுகிற நம் மாவட்டத்தில் இந்தக் கருவி புதிதல்ல. கரும்புச் சாற்றில் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பார்க்கும் கைக்கருவியும் இதே வகைதான். சீம்பாலில் ஒரு சொட்டை அதில் விட்டு 22 பிரிக்ஸும் அதற்கு மேலும் காட்டினால் பால் நல்ல தரம். கன்றின் சீரத்துக்கு அமெரிக்க வல்லுநர்கள் 2020இல் ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: 100 மி.லி.க்கு 6.2 கிராமோ அதற்கு மேலோ புரதம் இருந்தால் மிக நன்று, 5.1க்குக் கீழே என்றால் மோசம்.

“ரத்தம் எடுத்தால் கன்று இளைத்துவிடும்” என்ற பயத்துக்கு இடமே இல்லை. 25 கிலோ கன்றின் உடம்பில் ஏறக்குறைய 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 5 மி.லி. அளவுதான்.

“குறைவு என்று தெரிந்ததும் சீம்பால் கொடுத்து ஈடுகட்டிவிடலாம்” என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்றாம் நாள் கொடுக்கும் சீம்பால் குடலுக்குள் ஓரளவு காப்புத் தரும், ரத்தத்தில் ஏறாது. புரதம் குறைந்த கன்றைத் தனியே உலர்ந்த இடத்தில் வைத்து, கழிச்சலும் இருமலும் வருகிறதா என்று நாள்தோறும் கவனிக்க வேண்டும். இந்தப் பரிசோதனை சிகிச்சை ஆகாது. அடுத்த கன்றுக்கு முதல் பாலை எப்போது கொடுக்கப்போகிறோம் என்று நம்மைக் கேட்பதுதான் அதன் வேலை.

எண் நன்றாக வந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. கழிச்சலில் நீர் வற்றிய கன்றுக்குப் புரத அளவு பொய்யாக ஏறிக் காட்டும். மற்ற நோய்களையும் அந்த எண் காட்டாது. கலப்பினக் கன்றுகளுக்கு உண்ணி கொண்டுவரும் தைலேரியா நோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அது வேறு பரிசோதனை. குடற்புழுவுக்குச் சாணத்தைத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரே ஒரு பசு வைத்திருப்பவர் புரதப் பரிசோதனைக்கு அலைய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பத்து, பதினைந்து கன்றுகள் பிறக்கும் பண்ணைக்கு அது அவசியம்; அங்கே பல கன்றுகளுக்குக் குறைந்திருந்தால் தவறு பராமரிப்பில் இருக்கிறது. ஒரு பசு வீட்டில் அந்தக் கவனம் முழுக்க முதல் இரண்டு மணி நேரத்துக்குப் போகட்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் வீடுகளில், இரவு பத்து மணிக்கு ஈன்ற கன்று விடியும் வரை பட்டினி கிடக்க நேரிடலாம். ஈனும் நாள் நெருங்கினால் வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்: கன்று எழுந்ததும் மடியைக் கழுவி ஊட்ட விடவும், எழவில்லை என்றால் கறந்து புட்டியில் கொடுக்கவும். 25 கிலோ கன்றுக்கு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மொத்தம் இரண்டரை லிட்டர் சேர வேண்டும். அதில் பாதிக்கு மேல் முதல் இரண்டு மணி நேரத்திலேயே. அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சீம்பால் பங்கு அதற்குப் பிறகுதான்.