வறண்ட பூமிக்கு ஏற்ற நிழல் மரங்கள்

வீட்டு முற்றத்திலும், களத்து மேட்டிலும், சந்தைத் திடலிலும், சாலை ஓரத்திலும் நிழல் மரங்கள் வேண்டும் என்பதைப்பற்றி யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. எந்த மரத்தை வைப்பது என்பதில்தான் போதிய ஆலோசனை செய்யப்படுவதில்லை. நாற்றங்காலில் அன்றைக்கு எது மிகுதியாகக் கிடைக்கிறதோ, எது சீக்கிரம் வளரும் என்று சொல்லப்படுகிறதோ, எதன் பூ கண்ணுக்கு அழகாயிருக்கிறதோ அதையே வாங்கி நட்டுவிடுகிறோம். பயிரின் விதையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு போகத்தோடு நஷ்டம் தீர்ந்துவிடும். மரத்தில் செய்த தவறு 15 அல்லது 20 வருஷங்களுக்குப் பிறகே தெரியவரும். அதற்குள் நிலமும், ஊற்றிய ஜலமும், காலமும் வீணாகிவிடும்.

இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாக இருக்கக்கூடியது இராஜஸ்தானத்தின் மேற்குப் பாகத்திலுள்ள தார் பாலைவனம். ஜோத்பூரில் வருஷ மழை சராசரி 14 அங்குலம். ஜெய்சல்மேரில் 8 அங்குலத்திற்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஆனி முதல் ஆவணி வரையிலான சில நாட்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். ஜோத்பூருக்கு வடக்கேயுள்ள பலோடி என்னும் ஊரில் 2016-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி வெப்பம் 51 டிகிரி சென்டிகிரேடு இருந்ததாகப் பதிவாகியுள்ளது. மாரிக்காலத்து இரவுகளிலோ சில இடங்களில் உறைபனி விழுவதும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே மக்கள் கம்பு பயிரிட்டு, ஆடு மாடுகளை வளர்த்து, பல நூற்றாண்டுகளாகக் குடியிருந்து வருகின்றனர். நமது இராமநாதபுரம் பகுதியில் வருஷத்திற்கு 30 அங்குலத்திற்கு மேல் மழை பெய்கிறது. எனவே அங்கே பிழைக்கும் மரம் இங்கே பிழைக்குமா என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே கெடுதல் செய்த மரம் இங்கே இன்னும் அதிகக் கெடுதல் செய்யக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

அந்நாட்டு மரங்களில் முதலாவதாகச் சொல்லத்தக்கது 'கேஜ்ரி'. பெயர் புதிதாகத் தோன்றினாலும் மரம் நமக்குப் புதியதன்று. அது நம் வன்னி மரமே. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் ஸ்தல விருக்ஷமாக விளங்குவதும், விஜயதசமியன்று பல ஆலயங்களில் அம்பு போடும் உற்சவத்திற்கு உரியதும் இதுவே. நாம் கோயிலில் வைத்துப் பூஜிக்கும் மரத்தை அவர்கள் வயலில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பதே வித்தியாசம். 1730-ம் வருஷத்தில் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜட்லி கிராமத்தில் அரண்மனைக் கட்டட வேலைக்காக இம்மரங்களை வெட்ட வந்த ராஜ சேவகர்களைத் தடுத்து, மரங்களைக் கட்டித் தழுவிக்கொண்டு பிஷ்னோய் வகுப்பினர் 363 பேர் உயிர் துறந்ததாகச் சொல்லப்படுகிறது. 1983-ம் வருஷத்தில் இராஜஸ்தான அரசாங்கம் இதைத் தங்கள் ராஜ்யத்தின் மரமாக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு மதிப்பு வந்ததற்குப் பக்தி மட்டும் காரணமன்று. வன்னியின் ஆணிவேர் மிக ஆழமாகச் செல்லும் இயல்புடையது. விதை முளைத்தவுடன் மேலே ஒரு சாண் செடி தெரிவதற்குள் கீழே அதைப்போல் பல மடங்கு வேர் இறங்கிவிடுகிறது. அதனால் மேல் மண்ணிலுள்ள ஈரத்திற்காகப் பயிரோடு அது அதிகம் போட்டியிடுவதில்லை. அவரை இனத்தைச் சேர்ந்ததாகையால் வேரிலுள்ள முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. உதிரும் இலை மக்கி எருவாகிறது. மரத்தடியில் கம்பு செழித்து வளர்வதை அந்நாட்டு விவசாயிகள் நெடுங்காலமாகவே கண்டிருக்கின்றனர். மாரிக்காலத்தில் கிளைகளைக் கழித்து இலையைக் காயவைத்து ஆடு, ஒட்டகங்களுக்குத் தீனியாக வைக்கிறார்கள். இளங்காயைச் 'சாங்கிரி' என்று கறி சமைக்கிறார்கள். கழித்த கொம்பு வேலிக்கும் விறகுக்கும் ஆகிறது. யாவற்றிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கோடை உக்கிரமாக ஆரம்பிக்கும் காலத்தில் வன்னி புதுத் தளிர் விடுகிறது. ஆகவே நிழல் எப்பொழுது மிகவும் தேவையோ அப்பொழுது அதனடியில் நிழல் இருக்கும்.

நிழல் மரம் தேடுகிறவர்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவாகவே இருத்தல் வேண்டும்: இம்மரம் பங்குனி, சித்திரை மாதங்களில் இலையோடு இருக்குமா? நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் ஆபீசு வளாகங்களிலும் விரும்பி வைக்கப்படும் மயிற்கொன்றை என்னும் குல்மொஹர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. பூத்து நிற்கும்போது அதன் அழகை மறுப்பவர் இல்லை. ஆனால் வறண்ட இடங்களில் அது கோடையின் முற்பகுதி முழுவதும் மொட்டையாக நிற்கிறது. வேர் மேலோட்டமாகப் படர்கிறது. கிளை எளிதில் முறிகிறது. ஊருக்கு அழகு வேண்டுமென்றால் ஒன்றிரண்டு வைக்கலாம். பிள்ளைகள் உட்காரும் இடத்திற்கும், மாடு கட்டும் இடத்திற்கும் அது உதவாது.

இரண்டாவது கேள்வி, வைத்த இடத்தோடு அம்மரம் நிற்குமா என்பது. இதை யாரும் கேட்காததினால் விளைந்த துன்பத்தை நாம் நேரில் அனுபவித்து வருகிறோம். மெக்ஸிகோ முதலிய அமெரிக்க நாடுகளுக்குரிய சீமைக் கருவேல் 1877-ம் வருஷத்திலேயே கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. ஜோத்பூர் சமஸ்தானத்தில் அதன் விதை 1913-ல் கொண்டுவரப்பட்டது. 1940-ல் அதற்கு ராஜ விருக்ஷம் என்ற பட்டமும் கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவர்களை மூடர் என்று சொல்லிவிட முடியாது. மணல் வீடுகளின் மேல் வந்து குவிந்தது; விறகு கிடைக்கவில்லை; ஆடு கடிக்காமல், ஜலம் கேட்காமல், சீக்கிரம் வளரும் மரம் ஒன்று வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டவை எல்லாம் அம்மரத்தில் இருந்தன. ஆடு மாடு அதன் இலையைத் தொடாது. ஆனால் இனிப்பான காயைத் தின்னும். தின்ற விதை சாணத்தோடு வெளிப்பட்டு, போகும் வழியெல்லாம் முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும் என்பவற்றை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மரம் இருப்பது ஒன்று, பரவுவது வேறு.

இன்று இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் தரிசும், கண்மாய் உட்பகுதியும், வரத்துக்கால்களும் இம்மரத்தால் மூடப்பட்டிருப்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2017-ம் வருஷத்தில் இதை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-ல் அந்நியக் களை மரங்களைப்பற்றித் தமிழ்நாடு அரசாங்கம் தனிக் கொள்கையே வெளியிட்டது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று பலர் சொல்லி வருகின்றனர், அதற்கு ஆதாரமில்லை. அதன்மேல் சுமத்த உண்மையான குற்றங்களே போதுமானவையாக இருக்க, இல்லாததைச் சேர்க்க வேண்டாம். இம்மரத்தின் கரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் பல உண்டு. ஆதலால் நீர்நிலையிலும் வரத்துக்காலிலும் முதலில் வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் அந்தப் பருவத்திலேயே வேறு நாட்டு மரத்தை வைப்பதே முறை. எடுத்துவிட்டு வெறுமையாக விட்ட இடத்தில் இரண்டு மழைக்குள் மறுபடியும் அதுவே வந்து நிற்கும்.

இப்பாடம் பழங்கதை ஆகிவிடவில்லை. வளைகுடா நாடுகளில் பாலைவன நகரங்களை விரைவில் பசுமையாக்குவதற்கென்று நடப்பட்ட கோனோகார்ப்பஸ் என்னும் மரம், நம் தேசத்திலும் பூங்காக்களிலும் சாலை நடுவிலும் வைக்கப்பட்டு வந்தது. அதன் வேர் குழாய்களையும் சாக்கடைகளையும் துளைப்பதாகப் புகார்கள் எழவே, குஜராத் அரசாங்கம் 2023-ல் அதை நடக்கூடாதென்று தடுத்துவிட்டது. 'மிகவும் சீக்கிரம் வளரும்' என்ற வார்த்தையைக் கேட்டவுடன் விவசாயி ஒரு படி பின்வாங்கி நிற்பது நல்லது.

தார் பிரதேசத்து மரங்களைப்பற்றி முறையான ஆராய்ச்சி நடத்துவதற்காக 1952-ல் ஜோத்பூரில் ஒரு பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஏற்படுத்தப்பட்டது. அதுவே 1959 முதல் மத்திய வறண்ட பிரதேச ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. மணல் மேடுகளை நிலைநிறுத்துவதற்கு 1958-ல் இஸ்ரேலிலிருந்து ஒருவகை வேல மரம் கொண்டுவரப்பட்டு ஏராளமாக நடப்பட்டது. ஓடும் மணலை அது நிறுத்தியது உண்மையே. ஆனால் வயலின் நடுவில் நிற்பதற்கு வன்னியின் இடத்தை அது பெறவில்லை. அந்நாட்டுத் தேக்கு என்று சொல்லப்படும் ரோஹிடா மரமோ மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, நல்ல மேஜை நாற்காலி மரமும் கொடுக்கிறது. வளர்வது மிக மெதுவாகையால் நடுகிறவர்கள் குறைவு. பிள்ளைகளுக்காக மரம் வைக்கும் வழக்கம் குறைந்து வருவது வடக்கே மட்டும் அன்று.

நம்முடைய வறண்ட தாலுகாக்களுக்கு வெளியூரிலிருந்து மரம் தேடவேண்டிய அவசியமே இல்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்துத் தரிசுகளில் விரித்த குடையைப்போல் நிற்கும் குடைவேல் மரத்தை யாரும் நட்டு வளர்ப்பதாகக் காணோம். ஆடு மேய்ப்பவனுக்கு அதைவிட நல்ல கூடாரம் எங்கே? காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லின் நடுவே வெள்வேலை விட்டு, சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி வைத்து மாடு வளர்க்கும் முறை, வறண்ட நிலத்தில் மரமும் புல்லும் சேர்ந்து வாழ்வதற்கு நல்ல உதாரணம். கடற்கரை ஓரத்து உவர் நிலங்களில் உகா மரம் உப்பைத் தாங்கி நிற்கும். கண்மாய்க்கரையின் வெளிச்சரிவில் பனையும், ஈரம் சற்று நிற்குமிடத்தில் புங்கமும் வைக்கலாம். புங்கத்தை வறண்ட மேட்டில் வைத்துவிட்டு வளரவில்லையென்று குறை சொல்வது நியாயமன்று.

வீட்டருகே வைப்பதற்கு வேம்பை மிஞ்சியது ஒன்றும் இல்லை. மாசி, பங்குனியில் இலையுதிர்த்தாலும் வெயில் ஏறுமுன் மறுபடியும் தழைத்துவிடும். சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, வீட்டின் மேற்கு அல்லது தென்மேற்குப் பக்கத்தில் வைத்தால் பிற்பகல் வெயில் சுவரைச் சுடாது. கிழக்கே வைப்பதால் காலை வெயில்தான் மறையும்; அதனால் பயன் சொற்பம். ஆயினும் ஊர் முழுவதும் வேம்பாகவே வைத்துவிடக் கூடாது. அண்மை வருஷங்களில் வேப்ப மரங்களின் கொழுந்து காயும் நோய் தென்னாட்டில் பல இடங்களில் பரவியதை யாவரும் கண்டிருப்பார்கள். சாலையில் நூறு மரம் வைப்பதானால் வேம்பு, வாகை, புளி என்று கலந்து வைப்பதே விவேகம்.

நடும் முறையைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் நல்ல மரம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நான் ஒரு சமயம் ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்திருந்த வாகைக் கன்றுகளை ஆசையோடு விலை கொடுத்து வாங்கி வரிசையாக நட்டேன். மூன்றாம் வருஷத்து ஆடிக் காற்றில் அவற்றில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. பிடுங்கிப் பார்த்ததில், பையிலேயே நெடுநாள் இருந்த வேர்கள் கயிறு சுற்றினாற்போல் சுருண்டு, ஆணிவேர் கீழே இறங்காமலே நின்றுபோயிருந்தது. வறண்ட நாட்டு மரத்திற்கு உயிர் அதன் ஆணிவேரில் இருக்கிறது. ஆகவே ஒரு முழ உயரத்திற்கு மேற்படாத இளங்கன்றையே வாங்கவேண்டும். பையைக் கிழித்து, சுருண்ட வேர் இருந்தால் கத்தியால் நறுக்கிவிட வேண்டும்.

குழியை வைகாசி, ஆனியிலேயே 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழமாக வெட்டி ஆறவிட்டு, மேல் மண்ணோடு கண்மாய் வண்டலும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழை மண்ணை நனைத்தவுடன் நடவேண்டும். சுற்றிலும் மழை ஜலம் வந்து தேங்கும்படி பாத்தி கட்டி, சருகோ வைக்கோலோ பரப்பிவிட வேண்டும். முதல் இரண்டு கோடைகள் மட்டும் ஜலம் அவசியம். தினந்தோறும் ஒரு செம்பு ஊற்றுவது தவறு. வேர் மேலேயே தங்கிவிடும். பத்து நாளைக்கொரு முறை இரண்டு குடம் ஊற்றினால் ஈரம் கீழே இறங்கும், வேரும் அதைத் தேடிப் போகும். குடத்திற்கும் வழியில்லாத இடத்தில், சுடு மண் பானையொன்றைக் கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடி வைத்தால், அது கசிந்து கசிந்து வேருக்கு உதவும். முள் வேலி இல்லாமல் கன்று நடுவது ஆட்டுக்குத் தீனி போடுவதேயாகும்.

வன்னிக் கன்று எல்லா நாற்றங்கால்களிலும் கிடைப்பதில்லை. ஆனால் விதை கிடைப்பதில் கஷ்டம் இல்லை. வைகாசி, ஆனி மாதங்களில் காய் பழுத்து உதிரும்போது சேகரித்து, வண்டு துளைத்தவற்றை நீக்கி, சாம்பல் புரட்டி வைத்துக்கொள்ளலாம். விதைப்பதற்கு முன் ஒரு பகலும் ஓர் இரவும் ஜலத்தில் ஊறவைத்து, நெடிய பைகளில் பைக்கு இரண்டு விதையாக ஊன்ற வேண்டும். நிலையான இடத்திலேயே ஊன்றுவதானால் குழிக்கு நான்கைந்து விதை போட்டு, முளைத்தபின் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் களையலாம். வெட்டிய குழிகளில் ஒன்றிரண்டில் முளை தப்பினால், பைகளில் எஞ்சிய கன்றுகளைக் கார்த்திகைக்குள் அங்கே வைத்துவிட வேண்டும்; அதற்குமேல் தாமதித்தால் வேர் இறங்குவதற்குள் ஈரம் போய்விடும்.